வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தால் இருட்டு எப்படி வரும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு ஒளி அலைகள் சேரும்போது சில இடங்களில் வெளிச்சம் கூடும், சில இடங்களில் இருட்டாகிவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. "அப்படியென்றால் நம் ஹாலில் இரண்டு டியூப்லைட் எரிகிறதே, சுவரில் ஏன் கறுப்புக் கோடு விழவில்லை? இருட்டான இடத்துக்கு வந்த வெளிச்சம் எங்கே போச்சு?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தில் போட்டிருப்பதுபோல் ஒளி நெளிந்து நெளிந்துதான் போகிறதா? கணக்கு அதிகம் இல்லாமல் விளக்க முடியுமா?

பதில்: நான் 20 வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியிருக்கிறேன். பட்டை அகலத்தின் (அடுத்தடுத்த வெளிச்சக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தின்) வாய்பாட்டை மனப்பாடம் செய்து, கணக்கும் சரியாகப் போட்டுவிட்டு, இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பாடத்தைத் தாண்டிப் போகிற பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகள் பாடத்தின் நடு நரம்பைத் தொட்டிருக்கிறாள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒளி நெளிந்து போகவில்லை. புத்தகத்தில் ஏறி இறங்கிப் போகிற அந்தக் கோடு ஒளி போகிற பாதையே இல்லை, அது ஒரு வரைபடம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்து, சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலும் கீழும் போகிறது என்பதால் நோயாளி மேலும் கீழும் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. அவர் படுத்த இடத்திலேயே இருக்கிறார். ஏறி இறங்குவது காய்ச்சல். ஒளியிலும் அப்படித்தான். ஏறி இறங்குவது ஒவ்வொரு இடத்திலும் இருக்கிற மின்புலம். ஓரிடத்தில் ஒரு மின்னூட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது எந்தத் திசையில், எவ்வளவு பலமாகத் தள்ளப்படும் என்பதுதான் மின்புலம். ஒளி கடந்து போகும்போது அந்தத் தள்ளல் மேல்நோக்கி வலுக்கும், குறையும், பூஜ்யமாகும், கீழ்நோக்கி வலுக்கும், மறுபடி பூஜ்யமாகும். கூடவே காந்தப்புலமும் அதற்குச் செங்குத்தாக அதே தாளத்தில் மாறும். வேறு எந்தப் பொருளும் அங்கே ஆடுவதில்லை. அதனால்தான் காற்றே இல்லாத வெட்டவெளியைத் தாண்டியும் சூரிய ஒளி நம்மிடம் வந்து சேருகிறது. இது மின்காந்த அலைதான் என்று 1865-இல் மேக்ஸ்வெல் தன் சமன்பாடுகளிலிருந்து சொன்னார். அந்தச் சமன்பாடுகள் சொன்ன அலைகளை 1880-களின் கடைசியில் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கியே காட்டினார்.

அந்த மாற்றம் எவ்வளவு வேகம் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் (ஒரு முகட்டிலிருந்து, அதாவது உச்சியிலிருந்து, அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம்) ஏறக்குறைய 550 நானோமீட்டர், அதாவது 0.00055 மில்லிமீட்டர். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மின்புலம் நொடிக்குச் சுமார் 545 லட்சம் கோடி முறை ஏறி இறங்குகிறது. நம் கண்ணால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர முடியாது. 'எவ்வளவு பலமாக ஆடுகிறது' என்பதன் சராசரி மட்டும்தான் கண்ணுக்குக் கிடைக்கும். மின்புலம் இந்தக் கணத்தில் மேலே தள்ளுகிறதா கீழே தள்ளுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்து இருட்டாவது நமக்கு ஆச்சரியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மின்புலத்துக்குக் கூட்டல் குறி, கழித்தல் குறி இரண்டும் உண்டு. வெளிச்சத்துக்குக் கழித்தல் குறி கிடையாது.

இனி முக்கியமான இடம். இரண்டு ஒளி ஓரிடத்துக்கு வந்தால் இயற்கை முதலில் மின்புலங்களைக் கூட்டுகிறது, குறியோடு சேர்த்து. அப்படிக் கூட்டி வந்த விடையின் வர்க்கம்தான் வெளிச்சம். முதலில் கூட்டல், அப்புறம் வர்க்கம். நாம் வழக்கமாக மனதில் செய்வது தலைகீழ்: ஒவ்வொரு விளக்கின் வெளிச்சத்தையும் தனித்தனியாக முடிவுசெய்துவிட்டு, கடைசியில் கூட்டுகிறோம். இந்த வரிசை மாறுவதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. நான் வகுப்பில் இந்த நாலு வார்த்தையைப் பலகையின் மூலையில் எழுதி, அந்தப் பாடம் முடியும்வரை அழிக்கவே விடமாட்டேன்.

எண் போட்டுப் பார்ப்போம். இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக ஒளி ஒரு திரையில் விழுகிறது. ஒவ்வொரு பிளவிலிருந்தும் வருகிற அலையின் வீச்சு, அதாவது மின்புலம் ஏறுகிற உச்ச அளவு, 1 என்று வையுங்கள். ஒரு பிளவை மூடினால் திரையில் வெளிச்சம் 1-இன் வர்க்கம், அதாவது 1. இரண்டையும் திறந்தால்? முகடும் முகடும் ஒன்றாக வந்து சேருகிற இடத்தில் 1 + 1 = 2, வர்க்கம் 4. முகடும் அகடும் (அலையின் பள்ளமும்) வந்து சேருகிற இடத்தில் 1 − 1 = 0, வர்க்கமும் 0. இரண்டு பிளவு திறந்தால் எல்லா இடத்திலும் 2 இருக்கும் என்று எதிர்பார்த்தோம். கிடைத்தது ஓரிடத்தில் 4, ஓரிடத்தில் 0, நடுவில் உள்ள இடங்களில் இடைப்பட்ட அளவுகள். திரை முழுவதும் சராசரி எடுத்தால் சரியாக 2 வரும்.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. இருட்டான இடத்துக்கு வெளிச்சம் வந்து அங்கே அழிந்துபோகவில்லை. அந்த ஆற்றல் அங்கே போய்ச் சேரவே இல்லை. பக்கத்துப் பட்டையில் 2-க்குப் பதில் 4 இருக்கிறதே, அங்கே போயிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து திருப்பிப் பக்கத்துப் பாத்திக்கு விட்டால் மொத்தத் தண்ணீர் குறைவதில்லை, பங்கீடுதான் மாறுகிறது. ஒரு பைசா ஆற்றல்கூட இந்தக் கணக்கில் காணாமல் போகாது. 'அழிவுக் குறுக்கீட்டு விளைவு' என்று புத்தகத்தில் வைத்திருக்கிற பெயர்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். அழிவது எதுவும் இல்லை.

சரி, ஹாலில் எரிகிற இரண்டு டியூப்லைட்டுக்கு வருவோம். அங்கேயும் கூட்டல் நடக்காமல் இல்லை. ஒவ்வொரு கணமும் சுவரில் ஏதோ ஒரு புள்ளியில் முகடும் முகடும் சந்திக்கிறது, ஏதோ ஒரு புள்ளியில் முகடும் அகடும் சந்திக்கிறது. ஆனால் டியூப்லைட்டில் ஒளி விடுவது எண்ணிலடங்காத அணுக்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு சிறு துண்டு அலையை விட்டுவிட்டு நின்றுவிடும்; அடுத்த துண்டு எந்தக் கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில், தொடங்கும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. நொடியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்கூட இரண்டு விளக்குக்கும் இடையே உள்ள கட்ட உறவு நிலைத்து நிற்காது. இந்தக் கணம் இருட்டாக இருந்த புள்ளி அடுத்த கணம் வெளிச்சம், அதற்கடுத்த கணம் பாதி வெளிச்சம். நம் கண் இதையெல்லாம் சேர்த்துச் சராசரியாகத்தான் பார்க்கிறது. 4-ம் 0-ம் மாறி மாறி வந்தால் சராசரி 2. எங்கும் 2. அதனால்தான் இரண்டு விளக்கு போட்டால் இரண்டு மடங்கு வெளிச்சம் என்ற நம் அன்றாடக் கணக்கு சரியாக வருகிறது. கட்ட உறவு மாறாமல் நிற்கிற மூலங்களைத்தான் புத்தகம் 'ஓரியல் மூலங்கள்' என்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஒரு பேச்சுக்கு, இரண்டு டியூப்லைட்டும் கட்டம் தவறாமல் ஒரே தாளத்தில் ஒளி விடுகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அலைநீளத்தைச் சுவருக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு விளக்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் பட்டை அகலம் வரும். விளக்குகள் 2 மீட்டர் இடைவெளியில், சுவர் 3 மீட்டர் தள்ளி என்றால் பட்டை அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோடுகள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சோதனைச்சாலையில் பிளவுகளை அரை மில்லிமீட்டர் நெருக்கத்தில் வைக்கிறோம். சிவப்பு லேசர் வைத்து, ஒரு மீட்டர் தள்ளித் திரை வைத்தால் பட்டை 1.3 மில்லிமீட்டர் அகலத்தில் வரும். அப்போது பார்க்கலாம்.

அப்படியானால் லேசர் இல்லாத காலத்தில், கட்டம் மாறாத இரண்டு மூலங்களுக்கு எங்கே போவது? தாமஸ் யங் செய்தது எளிமையான வேலை. அவர் லண்டனில் இருந்த ஒரு மருத்துவர். இரண்டு விளக்கை எடுத்தால்தானே தொந்தரவு, ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால்? மூலத்தில் கட்டம் தாறுமாறாக மாறினாலும், அந்த மாற்றம் இரண்டு பங்குக்கும் ஒன்றுபோலவே போய்ச் சேரும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டும் மாறாது. அவர் 1803 நவம்பரில் ராயல் சொசைட்டியில் விவரித்த சோதனை இரட்டைப் பிளவுகூட இல்லை. ஜன்னல் கதவில் ஒரு சிறு துளை. அதன் வழியே வருகிற சூரிய ஒளிக்கற்றையின் நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு துண்டு அட்டை. ஒளி அட்டையின் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. அட்டையின் நிழலுக்குள்ளேயே வெளிச்சக் கோடுகளும் இருட்டுக் கோடுகளும் தெரிந்தன, நிழலின் நட்டநடுவில் எப்போதும் வெளிச்சம். ஒரு பக்கம் வருகிற ஒளியை மட்டும் அவர் மறைத்தார். மறுபக்கத்து ஒளி அப்படியே இருந்தும், நிழலுக்குள் இருந்த கோடுகள் மறைந்துவிட்டன. இந்தக் கடைசி வரியை உங்கள் மகள் இரண்டு முறை படிக்க வேண்டும். இருட்டுக் கோடு இருந்த இடத்தில், ஒரு பக்கத்து ஒளியை நிறுத்தியதும் இருட்டுப் போய்விட்டது. வெளிச்சத்தைக் குறைத்தால் வெளிச்சம் வருகிறது!

இதை உங்கள் வீட்டிலேயே செய்யலாம், இன்றைக்கு ராத்திரியே செய்யலாம். கடையில் கிடைக்கிற சிவப்பு லேசர் லைட் ஒன்று போதும், அதன் அலைநீளம் வழக்கமாக 650 நானோமீட்டர். அதை மேசைமேல் புத்தகங்களுக்கு இடையே ஆடாமல் நிறுத்துங்கள். தலையிலிருந்து உதிர்ந்த ஒரு முடியை அதன் வாய்க்குக் குறுக்கே, நட்டநடுவில் வருகிறமாதிரி நேராக இழுத்து டேப் போட்டு ஒட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு 3 மீட்டர் தள்ளியிருக்கிற வெள்ளைச் சுவரில் அடியுங்கள். லேசரை யாருடைய கண்ணுக்கும் நேராகக் காட்டக் கூடாது, கண்ணாடி, ஸ்டீல் பாத்திரம் போன்றவற்றின்மேலும் அடிக்கக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

சுவரில் என்ன தெரியும்? நடுவில் ஒரு பளீர்ப் புள்ளி. அதன் குறுக்கே ஒரு கறுப்பு நிழல் விழும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். விழாது. அதற்குப் பதில், இரண்டு பக்கமும் சிவப்புத் துண்டுகள் வரிசையாக, நடுநடுவே இருட்டு இடைவெளி விட்டு நீண்டு போகும். முடி நெட்டுக்குத்தாக இருந்தால் வரிசை படுக்கையாகப் போகும். லேசரை மெல்ல உருட்டினால் வரிசையும் கூடவே சுற்றும். ஒரே பக்கத்தில் உள்ள அடுத்தடுத்த இரண்டு இருட்டுப் புள்ளிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 28 மில்லிமீட்டர் வந்தது என்று வையுங்கள். அலைநீளம் 0.00065 மில்லிமீட்டர், சுவர் 3000 மில்லிமீட்டர் தூரம். பெருக்கி 28-ஆல் வகுத்தால் 0.07 மில்லிமீட்டர். அது அந்த முடியின் தடிமன். கண்ணால் பார்க்கத் திணறுகிற ஒரு அளவைச் சாதாரணப் பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்துவிட்டாள். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் தங்கள் முடியையும் தாத்தா பாட்டி முடியையும் கொண்டுவந்து அளந்து ஒப்பிடுவார்கள். முடி மெலிசாக ஆக ஆக, புள்ளிகள் விலகி விலகிப் போகும். தடை சின்னதானால் ஒளி அதிகம் பரவுகிறது. தடையின் ஓரத்தில் ஒளி இப்படிப் பரவுவதுதான் விளிம்பு விளைவு. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்த பிள்ளை அதை மறக்கவே மறக்காது.

இங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. உங்கள் மகள் கேட்காவிட்டாலும் நியூட்டன் கேட்டார். ஒளி அலை என்றால் அது வளைந்து நிழலுக்குள் வர வேண்டாமா? மணியோசையும் பீரங்கிச் சத்தமும் மலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கிறதே, மலைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு தெரிவதில்லையே? ஒளி அலை என்பதை அவர் ஏற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல கேள்வி, ஆனால் பதில் அளவில் இருக்கிறது. பேச்சு ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய கதவின் அகலம். அதனால் கதவைத் தாண்டியதும் நன்றாகப் பரவி, அடுத்த அறையில் இருக்கிற அம்மாவின் குரல் காதில் விழுகிறது. ஒளிக்கு அந்த ஒரு மீட்டர் கதவு 18 லட்சம் அலைநீள அகலம். பக்கவாட்டில் இருக்கிற ஒரு புள்ளிக்கு, கதவின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அலை வரத்தான் செய்கிறது. ஆனால் அவை கடந்து வரும் தூரங்கள் லட்சக்கணக்கான அலைநீளங்கள் வித்தியாசப்படுவதால் எல்லாக் கட்டத்திலும் கலந்துகட்டி வந்து, கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. நேர் எதிரே மட்டும் கட்டம் ஒத்துப்போய் வெளிச்சம் நிற்கிறது. ஆக, ஒளி நேர்கோட்டில் போவதும் நிழல் விழுவதும் அதே கூட்டலின் விளைவுதான். ஐந்தாம் வகுப்பில் படித்த நிழலும் பிளஸ் டூ-வில் படிக்கிற குறுக்கீட்டு விளைவும் ஒன்று என்று எனக்குப் புரிந்தது நான் ஆசிரியரான பிறகுதான். மாணவனாக இருந்தபோது யாராவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

இந்த இடத்தில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1818-இல் பாரிஸ் அறிவியல் கழகம் வைத்த போட்டிக்கு, சாலைப் பொறியாளரான ஃப்ரெனெல் அலைக் கொள்கையை வைத்து ஒரு கட்டுரை அனுப்பினார். நடுவர் குழுவில் இருந்த பாய்சான், ஒளி சிறு துகள்களின் ஓட்டம் என்ற துகள் கொள்கைக்காரர், கணிதத்தில் புலி. அவர் ஃப்ரெனெலின் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு வட்டத் தட்டின் நிழலுக்குப் போட்டுப் பார்த்தார். தட்டின் விளிம்பில் உள்ள எல்லாப் புள்ளிகளும் நிழலின் மையத்திலிருந்து சம தூரம். அங்கிருந்து வருகிற அலைகள் எல்லாம் ஒரே கட்டத்தில் வரும். ஆகவே நிழலின் நட்டநடுவில், தட்டே இல்லாததுபோல் ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தாக வேண்டும். இப்படி ஒரு அபத்தம் வருவதால் கொள்கையே தவறு என்பது அவர் வாதம். குழுவில் இருந்த அராகோ வாதத்தோடு நிற்காமல் சின்னத் தட்டு ஒன்றை வைத்துச் சோதனையைச் செய்தே பார்த்தார். புள்ளி இருந்தது. பரிசு ஃப்ரெனெலுக்குப் போனது. மறுத்தவரின் பெயராலேயே அதை இன்றும் பாய்சான் புள்ளி என்கிறார்கள். எதிராளியின் கணக்கை அதன் கடைசிவரை நேர்மையாகப் போட்டுப் பார்த்ததும், அதைச் சோதித்துப் பார்த்ததும் இரண்டுமே எனக்குப் பிடிக்கும்.

நம் ஊரிலிருந்தும் இதில் ஒரு பெயர் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது சி. வி. ராமன், ஒரு செவ்வகத் துளையில் ஒளி சாய்வாக விழுந்தால் இரண்டு பக்கமும் வருகிற விளிம்பு விளைவுப் பட்டைகள் சமமாக இல்லாததைக் கவனித்து எழுதினார். 1906-இல் பிலசாஃபிகல் மேகசின் என்ற பிரிட்டிஷ் ஆய்விதழில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. உங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் அதிகம்.

அடுத்து சோப்புப் படலம். அவளுடைய வளையல் ஒன்றை, பாத்திரம் கழுவுகிற லிக்விட் கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். வளையலுக்குள் ஒரு படலம் நிற்கும். அதை நெட்டுக்குத்தாகப் பிடித்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருகிறமாதிரி பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. சில நொடியில் தண்ணீர் கீழே வடியத் தொடங்கும். மேலே மெலிசு, கீழே தடிமன். படுக்கைக் கோடுகளாக ரோஜா, பச்சை, மஞ்சள் எல்லாம் வரிசையாக இறங்கி வரும். படலத்தின் முன்பக்கத்தில் கொஞ்சம் ஒளி திரும்புகிறது, பின்பக்கத்தில் கொஞ்சம் திரும்புகிறது. ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது, யங் செய்த அதே வேலை. எந்தத் தடிமனில் எந்த நிறம் அடிபடுகிறதோ, அந்த நிறம் போக மிச்சம் கண்ணுக்கு வரும். ஏறத்தாழ 207 நானோமீட்டர் தடிமன் உள்ள இடத்தில் பச்சை அடிபட்டு, சிவப்பும் நீலமும் சேர்ந்து ரோஜா நிறமாகத் தெரியும். சோப்பில் சாயம் எதுவும் இல்லை, தடிமன்தான் நிறம்.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் உச்சியில் ஒரு பகுதி நிறமே இல்லாமல் கறுத்துப்போகும். படலம் கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கிழியவில்லை. அங்கே படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிக மெலிசாகிவிட்டது. பாதை வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். அப்படியானால் இரண்டு அலையும் ஒத்துப்போய்ப் பளிச்சென்று இருக்க வேண்டாமா? வேண்டியதுதான், ஆனால் காற்றிலிருந்து வந்து அடர்ந்த ஊடகத்தில் மோதித் திரும்புகிற அலை தலைகீழாகிவிடுகிறது. சுவரில் கட்டிய கயிற்றை ஒரு உதறு உதறினால், மேலே போன மேடு கீழ்ப்பக்கமாகத் திரும்பி வருமே, அது மாதிரி. பின்பக்கத்தில் தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிற இடத்தில் அப்படித் தலைகீழாவதில்லை. ஒன்று தலைகீழ், ஒன்று நேர், கூட்டினால் பூஜ்யம். திரும்பி வராத அந்த ஒளி படலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. ஆற்றல் கணக்கு இங்கேயும் நேராகிவிட்டது. கறுப்பு வந்தபின் படலம் அதிக நேரம் தாங்காது, சீக்கிரம் உடைந்துவிடும். அதனால் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால் இதே கணக்கு உங்கள் மூக்கின்மேலேயே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். அதைக் குறைக்கத்தான் கடையில் 'ஆன்டி கிளேர் கோட்டிங்' என்று கேட்டுப் போட்டுத் தருகிறார்கள். கேமரா லென்ஸ்களுக்கு மெக்னீசியம் ஃப்ளோரைடை ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில் பூசுவது பழைய முறை. அது பச்சை ஒளிக்கு, அந்தப் பூச்சுக்குள் கால் அலைநீளம். உள்ளே போய்த் திரும்பி வர அரை அலைநீளம் ஆகிவிடுகிறது, முன்பரப்பில் திரும்பிய ஒளியோடு அடிபட்டுப்போகிறது. இங்கே இரண்டு பரப்பிலும் அலை தலைகீழாவதால் அந்தத் தொந்தரவு இல்லை. சோப்புப் படலத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பரீட்சையில் 'அரை அலைநீளம் சேர்ப்பதா வேண்டாமா' என்ற குழப்பமே வராது.

பிள்ளைகள் அடிக்கடி தடுமாறுகிற இன்னொரு இடத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் போனால் ஒளியின் வேகம் நொடிக்கு 2.25 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. அதிர்வெண் மாறாது, ஏனென்றால் மேற்பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை முகடு வந்து சேர்ந்ததோ அத்தனைதான் உள்ளேயும் போக முடியும். அதனால் அலைநீளம்தான் சுருங்க வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு, தண்ணீருக்குள் 490-க்குப் பக்கத்தில் வந்துவிடும். காற்றில் 490 என்றால் நீலம் சார்ந்த நிறம். ஆனாலும் தண்ணீருக்குள் அது சிவப்புதான், நிறத்தை முடிவுசெய்வது அதிர்வெண். துகள் கொள்கைப்படி ஒளி தண்ணீரில் வேகமாகப் போக வேண்டும், அலைக் கொள்கைப்படி மெதுவாகப் போக வேண்டும். 1850-இல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியை வைத்துச் சோதித்தபோது மெதுவாகத்தான் போனது.

கடைசியாக, அவள் அடுத்த பாடத்துக்குப் போனதும் கேட்கப்போகிற கேள்வி: "ஒளி ஃபோட்டான்களாக, சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக, வருகிறது என்கிறார்களே, அப்போ இந்த அலையெல்லாம்?" 1909-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை செய்தார். சிறு விளக்குச் சுடரின் ஒளியைப் புகை படிந்த கண்ணாடிகள் வழியாக விட்டு மங்கலாக்கி, ஒரு ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் விழவைத்தார். சராசரியாகப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான்கூட வழியில் இருக்காத அளவுக்கு மங்கல். மிக மங்கலான சோதனையில் தகடு பதிவாக ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, பளீர் வெளிச்சத்தில் வருகிற அதே கோடுகள், அதே தெளிவோடு இருந்தன. ஃபோட்டான் ஒன்றோடு ஒன்று மோதி உண்டாக்கிய கோடுகள் என்றால் அது நடந்திருக்காது. ஒற்றை ஃபோட்டானுக்கும் ஊசியின் இரண்டு பக்கத்து வழியையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். கூட்டி வர்க்கம் எடுத்தால் வருவது, அந்த ஃபோட்டான் தகட்டில் எங்கே போய் விழ எவ்வளவு வாய்ப்பு என்பது. இருட்டுக் கோட்டில் அந்த வாய்ப்பு பூஜ்யம்.

ராத்திரி முடியை வைத்துச் செய்து பார்த்துவிட்டு என்ன அளவு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். 0.05-இலிருந்து 0.1 மில்லிமீட்டருக்குள் வந்தால் அவள் சரியாக அளந்திருக்கிறாள்.